கல் சொன்னதா, சொன்னாரா? ஆப்பிரிக்க, பழங்குடி இலக்கியம்: கேள்வி பதில்

எங்கள் வாசகர் கூட்டத்தில் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் முதல் நாவலைச் சேர்ந்து வாசித்து முடித்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. கல்லூரியில் இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தியவள் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கதைகளின் முடிவுகள் வெளியே வரும். படிக்காதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: அக்கா, அனிமிசம் என்றால் என்ன? கல்லையும் மரத்தையும் கும்பிடுவதா?

ப: கும்பிடுவது அதில் ஒரு சின்னப் பகுதி. 1871-இல் எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் இந்தச் சொல்லைப் பரவலாக்கினார். அவர் கணக்கில் இது மதத்தின் பாலர் வகுப்பு. மனிதகுலம் இதில் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் அவர் ஊர் அறிவியலுக்கு வந்து சேரும். சொல்லே ஒரு ஏணியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தது. கீழ்ப்படியில் இருப்பவர்களைக் கைதூக்கிவிடத்தான் ஆள்கிறோம் என்று சொல்ல அந்த ஏணி ரொம்ப வசதி.

இப்போது இந்தச் சொல்லை எடுப்பவர்கள் ஏணியைக் கழற்றிவிட்டுத்தான் எடுக்கிறார்கள். உலகத்தில் மனிதர் மட்டும் ‘ஆள்’ இல்லை. ஆறு, பாம்பு, செத்துப்போன பாட்டன், சில கற்கள், எல்லாரோடும் கொடுக்கல் வாங்கல் உண்டு என்ற வாழ்க்கைமுறை. ‘சில கற்கள்’ என்று சொன்னது வேண்டுமென்றேதான். கனடாவில் ஒஜிப்வே மக்களிடையே வேலை செய்த ஹாலோவெல் என்ற ஆய்வாளர் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சம்பவம் வரும். அந்த மொழியில் ‘கல்’ என்ற சொல் உயிருள்ளவற்றின் இலக்கணத்தில் சேரும். இவர் ஒரு கிழவரிடம், “நம்மைச் சுற்றிக் கிடக்கும் இந்தக் கல்லெல்லாம் உயிருள்ளவையா?” என்று கேட்டார். கிழவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “இல்லை. ஆனால் சிலது உண்டு” என்றாராம். எந்தக் கல் என்பது பழகித்தான் தெரியும். மூடநம்பிக்கைக்காரரின் பேச்சு மாதிரியா இருக்கிறது? எனக்கு ரொம்ப நிதானமான மனிதராகத் தெரிகிறார்.

கே: நான் பெரியார் வழி வந்தவன். வெள்ளைக்காரன் போனதும் பழைய பேய் பிசாசையெல்லாம் திரும்பக் கூப்பிடுவதற்குப் பெயர் காலனிய நீக்கமா?

ப: கேட்க வேண்டிய கேள்வி. அச்சிபியையே எடுத்துக்கொள்வோம். 1958-இல் வந்த நாவல். தமிழில் ‘சிதைவுகள்’ என்று கிடைக்கிறது. அதில் இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் வீசுகிறார்கள். குறி சொல்லும் தெய்வத்தின் உத்தரவில் இக்கெமெஃபூனா என்ற சிறுவனைக் கொல்கிறார்கள். மூன்று வருடம் தன் வீட்டில் வளர்ந்து, தன்னை அப்பா என்று கூப்பிட்ட அந்தப் பையனை நாயகன் ஒகொன்க்வோ தன் கையாலேயே வெட்டுகிறான். அச்சிபி இதில் எதையும் பூசி மெழுகவில்லை.

ஆனால் கண்டனம் எங்கிருந்து வருகிறது, பாருங்கள். பாதிரி வருவதற்கு முன்பே நண்பன் ஒபியெரிகா கேட்டுவிடுகிறான்: குடும்பத்தையே பூமித்தாய் அழித்துவிடுகிற காரியமல்லவா இது? தான் வீசிவிட்டு வந்த இரட்டைக் குழந்தைகள் செய்த குற்றம்தான் என்ன என்று தனியாக உட்கார்ந்து குமைகிறவனும் அவனே. அந்த உலகத்துக்குள்ளேயே சந்தேகமும் வாதமும் இருந்தன. ‘இருண்ட கண்டம்’ என்று எழுதியவர்கள் காட்டாமல் விட்டது பேயை அல்ல, இந்த வாதத்தை. அதைத் திரும்ப எழுதிச் சேர்த்ததுதான் அச்சிபியின் வேலை.

பழசையெல்லாம் அப்படியே மீட்க வேண்டும் என்று சொல்லும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கும் சண்டைதான்.

கே: அச்சிபி நாவலில் முகமூடிக்குள் இருப்பது ஆள்தான் என்று ஊரே அறிந்திருந்தும் முன்னோர் என்று ஏன் நடுங்குகிறார்கள்? நடிப்பா?

ப: எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஒன்பது முன்னோர் ஆவிகள் வழக்கு விசாரிக்க வந்து உட்காருகின்றன. இரண்டாவது ஆவியின் துள்ளல் நடை ஒகொன்க்வோவுடையது என்று அவன் மனைவிகள் கவனித்திருக்கலாம். பெரியவர்கள் வரிசையில் அவனைக் காணவில்லை என்பதையும் கவனித்திருக்கலாம். அதை மனசுக்குள் வைத்துக்கொண்டார்கள் என்று அச்சிபி ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார். அறியாமை இல்லை, நடிப்பும் இல்லை. அந்த நேரத்துக்கு அவன் ஒகொன்க்வோ இல்லை, அவ்வளவுதான். பின்னால் மதம் மாறிய ஈனோக் பொது இடத்தில் ஒரு முகமூடியைக் கழற்றும்போது, நாவலின் கணக்கில் அது கொலை. ‘துணிதானே’ என்று நினைப்பவர்களுக்கு அடுத்த நாள் மாதா கோவில் தரைமட்டமானது விளங்கவே விளங்காது. மாவட்ட அதிகாரிக்கும் விளங்கவில்லை.

நைஜீரிய நாடகாசிரியர் வோலே சோயிங்கா இதையே 1975-இல் வந்த ‘டெத் அண்ட் த கிங்ஸ் ஹார்ஸ்மன்’ நாடகத்தில் இன்னும் கூர்மையாக்குகிறார். நைஜீரியாவின் ஓயோ நகரில் 1946-இல் நடந்த சம்பவத்தை வைத்து எழுதியது. மன்னர் இறந்தால் அவருடைய குதிரைப்படைத் தலைவனும் முப்பதாம் நாள் சடங்கில் உயிர்விட வேண்டும்; ஆங்கிலேய அதிகாரி தடுக்கிறார். அந்த அதிகாரியும் மனைவியும் பறிமுதல் செய்த எகுன்குன் உடையை, அதாவது முன்னோர் ஆவிக்கான முகமூடி உடையை, மாட்டிக்கொண்டு நடன விருந்துக்குக் கிளம்புகிறார்கள். தகவல் சொல்ல வந்த போலீஸ்காரர் அமுசாவோ முஸ்லிம். சாவின் உடையில் நிற்பவரிடம் சாவைப் பற்றிப் பேச மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். பார்வையாளர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இதைப் ‘பண்பாட்டு மோதல்’ என்று சுருக்கிவிடாதீர்கள் என்று சோயிங்கா முன்னுரையிலேயே எச்சரித்திருக்கிறார். நம் பாடக் குறிப்புகள் அதைத்தான் தவறாமல் செய்கின்றன.

கே: இதுதானே மாய யதார்த்தம்?

ப: நிஜ உலகக் கதைக்குள் மாயத்தைக் கலக்கும் எழுத்துக்குத்தான் அந்தப் பெயர். இது அது இல்லை என்பேன். மாயம் என்று சொல்லும்போதே எது நிஜம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். 1952-இல் வெளிவந்த, நைஜீரியரான அமோஸ் டுட்டுவோலாவின் கள்ளுக்குடியன் கதையில், சந்தையில் ஒரு பேரழகனைப் பார்த்து ஒரு பெண் பின்னாலேயே போகிறாள். காடு நெருங்க நெருங்க அவன் கால், கை என்று ஒவ்வொரு உறுப்பையும் சொந்தக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்து வாடகையும் எண்ணி வைக்கிறான். கடைசியில் வெறும் மண்டையோடு. ஆவியுலகத்திலும் வாடகை பாக்கி வைக்க முடியாது! காசு, சந்தை, கடன், பேய் எல்லாம் ஒரே உலகம்.

நைஜீரிய அறிஞர் ஹாரி கருபா 2003-இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு காட்சி காட்டுகிறார்: லாகோஸில் மின்வாரியத் தலைமையகத்தின் முன்னால் இடிமின்னல் தெய்வம் சாங்கோவின் சிலை. புதுசு வந்தால் பழைய தெய்வம் ஓடிவிடும் என்பார்கள். இங்கே மின்சாரத்தையே சாங்கோவின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். அரசியல்வாதிகளும் இதே வழியில் பழசைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பதையும் கருபா மறக்கவில்லை.

கே: அமெரிக்கப் பழங்குடி எழுத்தில் ஒன்று மட்டும் படிக்க வேண்டுமென்றால்?

ப: லெஸ்லி மார்மன் சில்கோ, ‘செரிமனி’, 1977. லகூனா பியூப்லோ என்ற பழங்குடி ஊர்க்காரன் டாயோ இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் காட்டில் மழையைச் சபிக்கிறான். ஊர் திரும்பினால் வறட்சி. தன் சாபம்தான் காரணம் என்று உடைந்துபோகிறான். ராணுவ மருத்துவர்கள் சொல்லும் வைத்தியம்: ‘நாம்’, ‘நமக்கு’ என்று பேசுவதை நிறுத்து, உன்னைப் பற்றி மட்டும் யோசி. அவனுக்கோ நோயே அந்த ‘நாம்’ அறுந்துபோனதுதான். அதில் மாடும் மழையும்கூட அடக்கம். கதையின் உச்சம் கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கத்தில் நடக்கிறது. இது கற்பனைக்காக வைத்தது அல்ல. லகூனா நிலத்தில் ஜாக்பைல் திறந்தவெளிச் சுரங்கம் 1953 முதல் 1982 வரை ஓடியது.

ஒரு முக்கியமான விஷயம். குலத்துக்கு வெளியே சொல்லக் கூடாத கதைகளைச் சில்கோ அச்சில் போட்டுவிட்டார் என்று அதே லகூனா வேர் கொண்ட பாலா கன் ஆலன் 1990-இல் எழுதினார். எல்லாக் கதையும் எல்லாருக்கும் இல்லை என்ற நிலைப்பாடு அது. நமக்குக் கசக்கும், ஆனால் அந்தக் கசப்போடுதான் அந்த நாவலைப் படிக்க வேண்டும்.

கே: சார்பு நிலை எதுவும் இல்லாமல் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு காலனிய நீக்கம் பேசலாமா?

ப: சார்பு இல்லாமல் என்னால் சொல்ல முடியாது. ஆங்கிலத்தை வளைத்து எழுதலாம் என்றார் அச்சிபி. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் தன் தாய்மொழியான கிக்குயுவில் நாவல் எழுதினார், ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. அடுத்த கிக்குயு நாவலின் நாயகன் மத்திகாரியைப் பற்றிக் கிராமத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டு, அவன் நிஜ ஆள் என்று நினைத்து அரசு கைது செய்யக் கிளம்பியது என்று கூகியே சொல்லியிருக்கிறார். என் ஓட்டு கூகிக்கு.

கே: மேடம், ஒஜிப்வே கதை ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குகிறேன். ஒரு கல் பேசுகிறது. ‘சொன்னது’ என்று போடவா, ‘சொன்னான்’ என்று போடவா?

ப: இவ்வளவு நேரம் காத்திருந்ததற்கு நல்ல கேள்வி! அஃறிணை என்று ‘சொன்னது’ போட்டால் கல் வெறும் கல்லாகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அவ்வளவு பயம் வேண்டாம். ‘தெய்வம் நின்று கொல்லும்’ என்கிறோம். அஃறிணையில் சொல்வதால் தெய்வத்துக்கு மதிப்புக் குறையவில்லை. ‘குழந்தை அழுகிறது’ என்பதும் அப்படித்தான். மறுபக்கம் ‘சூரியன் உதித்தான்’. இலக்கணம் வேறு, நம்பிக்கை வேறு என்பது ஒஜிப்வேக்கும் பொருந்தும். அங்கே ராஸ்பெரி உயிருள்ளது, ஸ்ட்ராபெரி இல்லை!

‘சொன்னான்’ என்பதில் வேறு சிக்கல். அந்த மொழியின் படர்க்கையில் ஆண், பெண் வேறுபாடே கிடையாது. மூலத்தில் இல்லாத மீசையை நீங்கள் ஒட்டிவிடுவீர்கள். நானாக இருந்தால் ‘சொன்னார்’ என்று போடுவேன். பால் வராது, மரியாதை வரும். சடங்குக் குடிலில் சூடேற்றும் கற்களைத் தாத்தாக்கள் என்று கூப்பிடுகிறவர்களின் கதைக்கு அது இடறாது. ஆனால் கல் வாய் திறப்பதற்கு முந்தைய பத்தியில் அது ‘கிடந்தது’ என்றே இருக்கட்டும். ஒரு பக்கத்தை இரண்டு விதமாகவும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சத்தமாக வாசித்துப் பார்ப்போம்.