ஏங்குகிறவர் சிரிப்பாரா?

கேள்வி: எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) எழுதப்போகும் என் மகள் படித்த ஆங்கிலக் கதையில் ஒரு பாட்டியின் சிரிப்பை ‘விஸ்ட்ஃபுல்’ என்று எழுதியிருக்கிறார்கள். அகராதியில் ‘ஏக்கமான’ என்று இருக்கிறது. ஏங்குகிறவர் எப்படிச் சிரிப்பார்?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நல்ல கேள்வி, அம்மா. நம்மிடம் ஏக்கம் கனமான சொல். அப்பா வெளியூர் போய்விட்டால் “பிள்ளை ஏங்கிப்போச்சு” என்று விபூதி பூசுகிறோம். அது காய்ச்சல் வரைக்கும் போகும். விஸ்ட்ஃபுல் அவ்வளவு கனமில்லை. இனி கிடைக்காது என்று மனசுக்குத் தெரியும், அடம் பிடிப்பதில்லை, ஆனாலும் ஆசை விட்டுப்போகவில்லை. அப்போது சிரிப்பும் வரும்.

என் அம்மா இருபது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்று இருட்டிலேயே மரத்தடியில் நிற்பார். போன மாதம் அந்தப் பழைய தோட்டத்து வழியே காரில் போனோம். கித்தா (ரப்பர்) மரமும் இல்லை, தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை, எங்கும் செம்பனை. கண்ணாடியை இறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். “இந்த வளைவுலதான் என் நிரை.” அவர் விரல் முழங்காலின் மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்தது, பட்டையில் கத்தி போகிற அதே சாய்வு. அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்புதான், அம்மா.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்குக் ‘கூர்ந்து கவனிக்கிற’ என்றுதான் பொருள். ஆசையைக் குறிக்கும் ‘விஷ்ஃபுல்’ என்ற சொல்லின் சாயல் ஏறி இன்றைய பொருள் வந்தது என்பார்கள். இன்றும் பார்வை, சிரிப்பு, குரல் ஆகியவற்றோடுதான் அதிகம் சேரும். மலாயில் ‘சாயு’ கிட்டத்தட்ட அந்த இடத்தில் நிற்கிறது. தமிழில் நான் ‘மெல்லிய ஏக்கத்தோடு’ என்று எழுதுவேன்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ‘எனக்கு அந்த வேலை வேண்டும்’ என்று துடிப்பதற்கு இந்தச் சொல் பொருந்தாது. ‘நாஸ்டால்ஜிக்’ என்பதும் வேறு, அது நடந்துபோன காலத்துக்கு. விஸ்ட்ஃபுல் நடக்காமலே போனதற்கும் வரும். என் அம்மாவை மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்துவிட்டார்கள். இப்போது பேத்தி பள்ளிக்குப் போட்டுப்போகும் நீலப் பினஃபோரை இஸ்திரி போட்டு மடித்து, மேலே கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். அதற்கும் இதே சொல்தான்.