பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர் அமெரிக்காவில் நர்ஸ் ஆகலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 34 வயது. கோவையில் பி.இ., இ.சி.இ. முடித்து எட்டு ஆண்டுகள் ஐ.டி. வேலை பார்த்தேன். கணவரின் வேலைக்காக டெக்சாஸ் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, எச்-4 விசா (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது). என் மாமியார் இங்கே வந்திருந்தபோது பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களைக் கண்டதிலிருந்து இந்தப் படிப்பு மனத்தை விட்டுப் போகவில்லை. வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களும் நேரடியாக நர்சிங் முதுகலையில் சேரலாமாமே? 'மறுபடியும் படிப்பதென்றால் மாஸ்டர்ஸாகவாவது இருக்கட்டும், இன்னொரு பி.எஸ்ஸி. எதற்கு' என்கிறார் கணவர். பிளஸ் டூவில் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவள். எதைத் தேர்ந்தெடுப்பது, அறிவியல் பாடங்களை எப்படி முடிப்பது?
– பெயர் வேண்டாம், ஃப்ரிஸ்கோ

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு. தம்பி, நான் வேலை பார்க்கும் வார்டில் சென்ற ஆண்டு மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு நர்சிங் படித்தவர். இன்னொருவர் பி.எஸ்.என்., அதாவது நர்சிங்கில் இளநிலைப் பட்டம். மூன்றாமவர் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் நேரடி முதுகலை முடித்தவர். மூவரும் எழுதியது என்கிளெக்ஸ் என்ற ஒரே நர்ஸ் உரிமத் தேர்வு, வாங்கியது ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ். காலை ஏழு மணிக்கு மூவர் கையிலும் ஆளுக்கு ஐந்து நோயாளிகள். எங்கள் மருத்துவமனையில் முதுகலைக்கென்று தொடக்கச் சம்பளத்தில் தனிப்படி கிடையாது. படுக்கையில் இருப்பவரும் பட்டத்தைக் கேட்பதில்லை, தண்ணீர்தான் கேட்கிறார்.

இதைச் சொல்லும் எனக்கு ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. நான் கரூரில் பி.காம். படித்து, ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். நியூ ஜெர்சிக்கு வந்து 36 வயதில் இந்தப் படிப்பில் இறங்கியபோது, என் மூன்றாண்டுப் பட்டத்தை மதிப்பிட்ட நிறுவனம் 'மூன்றாண்டு இளநிலைக் கல்வி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று எழுதவில்லை. முதுகலைக் கதவு அத்தோடு அடைபட்டது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு நர்சிங், வேலைக்குச் சேர்ந்த பிறகு பி.எஸ்.என். என்றுதான் வந்தேன். உங்கள் பி.இ. நான்காண்டு என்பதால் அந்தத் தொல்லை உங்களுக்கு இராது. ஆனாலும் சான்றிதழ்களைப் பாடவாரியாக மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். மொத்தப் பட்டத்தை மட்டும் மதிப்பிட்ட கடிதம் நர்சிங் சேர்க்கைக்குப் போதாது.

உங்களைப் போன்றவர்களுக்கு வழி மூன்று. கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் இரண்டாண்டு ஏ.டி.என்.; ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவர்களுக்கான விரைவு பி.எஸ்.என். (பெரும்பாலும் 12 முதல் 18 மாதம்); நேரடி முதுகலை. மூன்றாவதிலும் ஒரே பெயரில் வெவ்வேறு பண்டங்கள் விற்கிறார்கள். கொலம்பியாவின் 15 மாதப் படிப்பும் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஐந்து செமஸ்டர் படிப்பும் உங்களை ஆர்.என். ஆக்கி வெளியே அனுப்பும். கையில் முதுகலைப் பட்டம் இருக்கும்; ஆனால் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிட மாட்டீர்கள். யேலின் மூன்றாண்டுப் படிப்பு வேறு வகை: தொடக்கத்தில் ஆர்.என். பயிற்சி, பிறகு பிராக்டிஷனர் போன்ற சிறப்புப் பிரிவு. மருந்து எழுதிக் கொடுக்கும் பிராக்டிஷனர் ஆகவேண்டும், அல்லது பின்னாளில் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தவேண்டும் என்ற தெளிவு இப்போதே இருந்தால் முதுகலைக்குப் பொருள் உண்டு. வார்டில் நர்ஸாக வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் விரைவு பி.எஸ்.என். போதும் என்பேன். முதுகலையை, படிப்புச் செலவுக்கு உதவும் மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, அவர்கள் பணத்திலும் படிக்கலாம். தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நேரடி முதுகலைக்குக் கட்டணமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். எச்-4 விசாவில் இருப்பவருக்கு அமெரிக்க அரசின் கல்விக்கடன் கிடையாது. கிரீன் கார்டு வைத்திருக்கும் வாசகிகளும் ஒன்றைக் கவனியுங்கள்: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுகலை மாணவர்களுக்கு, படிப்புச் செலவு முழுவதற்கும் அரசு கொடுத்துவந்த 'கிராட் பிளஸ்' கடன் இல்லை. முதுகலைக்கான பொது வரம்பு ஆண்டுக்கு 20,500 டாலர்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். எச்-4 விசாவில் தாராளமாகப் படிக்கலாம், வேலைதான் பார்க்க முடியாது. கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு) அனுமதி வந்திருந்தால் நீங்கள் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இந்த ஏற்பாடு 2015-இலிருந்து இருக்கிறது. அது வராத நிலையில் படித்து முடித்தால் லைசென்ஸை அலமாரியில் வைத்துப் பூட்டவேண்டியதுதான். சில மாநிலங்களில் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் லைசென்ஸ் வாங்குவதே இழுபறி. எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் படிப்புக்குப் பின் ஓராண்டு வேலை அனுமதி கிடைக்கும். உங்கள் ஐ.டி. நண்பர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு ஆண்டுகள் நர்சிங்குக்குக் கிடையாது. ஆகவே கல்லூரிப் பட்டியலை விரிப்பதற்கு முன்னால் கணவரின் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

இனி அறிவியல். முன்தேவைப் பாடங்களை இங்கே எல்லோரும் 'ப்ரீரெக்' என்பார்கள். கல்லூரிக்குக் கல்லூரி மாறினாலும் அடித்தளம் ஒன்றுதான்: அனாட்டமி-ஃபிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி (மூன்றும் லேபோடு), புள்ளியியல், மனித வளர்ச்சி உளவியல், ஊட்டச்சத்து. பல இடங்களில் வேதியியலும் உண்டு. இவற்றைப் பல்கலைக்கழகத்தில் படிக்கவேண்டியதில்லை. வீட்டருகில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜ் போதும். கலிஃபோர்னியாவில் அந்த மாநிலத்தவருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான். நீங்கள் எந்தக் கட்டணப் பிரிவில் வருகிறீர்கள் என்பதை உங்கள் ஊர்க் கல்லூரியில் விசா நகலோடு போய்க் கேளுங்கள்.

உங்கள் பி.இ. நான்காம் செமஸ்டரில் நிகழ்தகவும் ரேண்டம் பிராசஸும் படித்திருப்பீர்கள். அதைப் புள்ளியியலாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி நானாக இருந்தால் மல்லுக்கட்ட மாட்டேன். நர்சிங் கல்லூரி கேட்பது கருதுகோள் சோதனை. உங்கள் பாடத்தில் அது கிடையாது. மறுபடி எடுங்கள், சுலபமாக ஏ வரும்.

அனாட்டமி முதல் பாகம் முடித்தால்தான் இரண்டாம் பாகம். மைக்ரோபயாலஜிக்கு முன்னால் வேதியியலோ உயிரியலோ கேட்கும் கல்லூரிகளும் உண்டு. எனவே எவ்வளவு அவசரப்பட்டாலும் மூன்று, நான்கு செமஸ்டர் ஆகும். முதல் செமஸ்டரில் அனாட்டமியும் புள்ளியியலும் மட்டும் எடுங்கள். கோடையில் எட்டு வாரத்தில் அனாட்டமியை முடித்துவிடலாம் என்று ஆசை காட்டுவார்கள். இரண்டு குழந்தைகளை விடுமுறையில் வீட்டில் வைத்துக்கொண்டு அதை முயன்ற தோழி ஒருத்தி ஆறாவது வாரம் வெளியேறினாள். முதல் முறையே பி அல்லது அதற்கு மேல் வாங்கப் பாருங்கள். ஒரு பாடத்தை எத்தனை முறை எழுதினீர்கள் என்று எண்ணிப் பார்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன.

உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டதாக வருந்துகிறீர்கள். நான் பி.காம். என்பதை மறந்துவிட வேண்டாம். முதல் லேபில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய எலும்புகளைக் கொடுத்து, 'இதுதான் இந்த மாதம்' என்றார்கள். கையின் எலும்புகள் வரிசை எனக்கு நிற்கவே இல்லை. ஒருநாள் ஆசிரியை கட்டைவிரலை நன்றாகப் பின்னால் விரிக்கச் சொன்னார். மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் ஒரு சிறு குழி விழும். அதற்கு மூக்குப்பொடிப் பெட்டி என்று பெயர். அந்தக் காலத்தில் பொடியை அங்கே வைத்து உறிஞ்சுவார்களாம். எனக்குத் திண்ணையில் உட்கார்ந்து பட்டணம் பொடி போடும் தாத்தா நினைவுக்கு வந்துவிட்டார். அந்தக் குழியின் அடியில் இருப்பது ஸ்கேஃபாய்டு, மணிக்கட்டு எலும்புகள் எட்டில் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு மற்ற ஏழையும் வரிசையாக என் மணிக்கட்டிலேயே தொட்டுத் தொட்டுப் படித்தேன், சப்பாத்தி மாவு பிசையும்போதுகூட. இன்றும் கீழே விழுந்து கையூன்றி வருபவர்களுக்கு முதலில் அந்தக் குழியைத்தான் அழுத்திப் பார்க்கிறேன்.

செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, மணி அடிப்பதற்குள், ஊசி குத்திய இடத்தின் பெயரை எழுதவேண்டும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் போகும். இடுப்பெலும்பிலும் ஓர் இலியம் உண்டு, சிறுகுடலின் கடைசியிலும் ஓர் இலியம் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறு. அந்த ஓர் எழுத்தில் எனக்கு அரை மதிப்பெண் போனது. பேரம் பேசிப் பார்த்தேன். 'குடலில் ஊசி போடுவாயா, இடுப்பில் போடுவாயா?' என்று கேட்டார் ஆசிரியை. பேசாமல் வந்துவிட்டேன்.

நான் பட்ட ஒரு நஷ்டத்தையும் சொல்கிறேன். ஒரு கல்லூரியின் ஆலோசகர், 'ஆன்லைன் லேப் போதும்' என்றார். நம்பி மைக்ரோபயாலஜியை அப்படி முடித்தேன். நான் விண்ணப்பித்த நர்சிங் படிப்பில் நேரில் செய்த லேபைத்தான் ஏற்போம் என்றார்கள். பணமும் ஒரு செமஸ்டரும் போயின. வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். நீங்கள் சேர விரும்பும் நான்கைந்து கல்லூரிகளுக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், ஆன்லைன் லேப் செல்லுமா, எத்தனை ஆண்டுக்குள் படித்திருக்க வேண்டும். வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டீஸ் என்ற நுழைவுத்தேர்வு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்வது: நர்சிங் படிப்புகளைத் தரம் பார்க்கும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம், மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதல், அந்த வாரியமே வெளியிடும் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதம், மருத்துவமனைப் பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருவது கல்லூரியா, நீங்களா, அந்த இடம் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. காலை ஆறே முக்காலுக்கு ஐம்பது மைல் தள்ளி நிற்கவேண்டுமென்றால் குழந்தைகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவது யார்? உங்கள் கணவரிடம் பேசவேண்டியது பட்டத்தின் பெயரை அல்ல, இதை. 'வகுப்புக்கே வரவேண்டாம், சீக்கிரம் முடித்துத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் வாசலோடு திரும்பிவிடுங்கள். ஃபுளோரிடாவில் ஏறத்தாழ 7,600 போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாக 2023 ஜனவரியில் வழக்கு வந்தது. வாங்கியவர்கள் பலர் லைசென்ஸை இழந்தார்கள்.

கேள்வி: திருச்சியில் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்தவள் நான், 2009-இல். நான்கூட முதலாண்டு மைக்ரோபயாலஜி படிக்கவேண்டுமா? அவமானமாக இருக்கிறது.
– வாசகி, எடிசன்

பதில்: பெரும்பாலும் படிக்கவேண்டி வரும். அறிவியல் பாடங்களுக்கு ஐந்து, ஏழு, பத்து ஆண்டு என்று காலாவதி வைத்திருக்கிறார்கள். காலாவதி வைக்காத கல்லூரிகளும் உண்டு, தேடுங்கள். விலக்கு கேட்டு எழுதுங்கள், கொடுத்தால் லாபம். கொடுக்காவிட்டால் போய் உட்காருங்கள். பாக்டீரியாவை வகைபிரிக்கும் கிராம் சாயத்தில் அதே கிரிஸ்டல் வயலெட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின். ஆல்கஹாலை ஒரு நொடி கூடுதலாக ஊற்றிவிட்டு, ஊதாவாக இருக்கவேண்டியது ஏன் இளஞ்சிவப்பாகிவிட்டது என்று பக்கத்து மேசையில் ஒரு பிள்ளை விழிக்கும். அதற்கு விளக்கம் சொல்ல ஆள் வேண்டாமா?

கேள்வி: நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நேரடி முதுகலைக்கு நானும் விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம் தம்பி. அது நர்சிங் படிக்காதவர்களுக்கு. நீங்கள் ஏற்கெனவே நர்ஸ். சான்றிதழ் சரிபார்ப்பு, ஆங்கிலத் தேர்வு, என்கிளெக்ஸ் என்பதுதான் உங்கள் வழி. இப்போது அந்தத் தேர்வில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். நான் எழுதிய காலத்தில் குறைந்தது 75; அந்த 75-ஆவது கேள்வியில் திரை சட்டென்று அணைந்தது. தோற்றுவிட்டேன் என்று நினைத்து வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். தேறியிருந்தேன்.

கேள்வி: நாங்கள் சைவம். அனாட்டமி லேபில் பூனையை அறுக்கவேண்டும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, பியோரியா

பதில்: பல கல்லூரிகளில் உண்மை. பதப்படுத்திய பூனை, ஆட்டின் இதயம், ஆட்டின் மூளை. மாதிரி உருவங்களையும் கணினித் திரையையும் வைத்தே நடத்தும் கல்லூரிகளும் இருக்கின்றன. வகுப்பில் பதியும் முன்னே ஆசிரியரிடம் கேளுங்கள். எங்கள் மேசையில் நால்வர். தோலை உரித்தது வேறொரு பெண். நான் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதயத்தை மட்டும் நானே வெட்டினேன். வால்வைத் தாங்கும் நூலிழைகளை விரலால் தூக்கிப் பார்த்தபோது கூச்சம் போய்விட்டது. வாடை மட்டும் போகாது. கையுறை போட்டாலும் முடியில் ஏறிவிடும். அன்றைக்கு ஒரு பழைய சுடிதார் போதும், பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மாலைச் சமையலை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.