அப்பாவை இழந்த பையனுக்கு கதை புத்தகம் படிச்சுக் காட்டினா உதவுமா?

உங்க அக்கா பையனுக்கு 6 வயசு, அப்பா தவறி ரெண்டு மாசம் ஆகுது, பையன் அழவும் இல்ல ஒண்ணும் கேக்கவும் இல்ல, புத்தகம் வாங்கிக் குடுத்தா சரியாகுமான்னு கேட்டிருக்கீங்க.

சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வாயத் திறந்து கேப்பான். இப்போதைக்கு அதுதான் வேணும். நான் டாக்டரும் இல்ல கவுன்சிலரும் இல்ல, கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்ல நடந்தத சொல்றேன், "உனக்கு என்ன தகுதி"ன்னு கேக்க வர்றவங்க இதோட நிறுத்திக்கலாம்.

எங்க அண்ணன் ஐசியூல இறந்தப்ப அவர் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ். அவகிட்ட வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பெரியம்மா "அப்பா ஊருக்குப் போயிருக்காரு"ன்னாங்க, ஆயா "சாமிகிட்ட போயிட்டாரு"ன்னாங்க, பக்கத்து வீட்டு அக்கா "தூங்குறாரும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் பாசத்துலதான் சொன்னாங்க, அத நான் குறையா சொல்லல. ஆனா அதுக்கப்புறம் அண்ணி ராத்திரி கண்ண மூட முடியல. மூடினா போதும், பாப்பா எழுந்து உக்காந்து ரெண்டு விரலால அவங்க இமைய தூக்கித் தூக்கிப் பாப்பா. கருமாதி படையல்ல அண்ணனுக்குப் புடிச்ச வஞ்சரம் வறுவல் வச்சிருந்தோம், அதப் பாத்துட்டு "அப்பா எப்ப வந்து சாப்பிடுவாரு"ன்னு கேட்டா. அத்தன பேர் இருந்த கூடத்துல ஒருத்தரும் பதில் சொல்லல, யாரோ அவள வெளிய தூக்கிட்டுப் போயிட்டாங்க.

அந்த வயசுல சாவுன்னா திரும்பி வர்ற விஷயம்னுதான் நிறைய குழந்தைங்க நினைப்பாங்க. உடம்பு மொத்தமா நின்னுடும், மறுபடி வரமாட்டாங்கன்னு புரியறது பெரும்பாலும் 5லேர்ந்து 7 வயசுக்குள்ளதான் கொஞ்சம் கொஞ்சமா வரும். இன்னொண்ணு, தான் ஏதோ பண்ணதாலதான் அப்பா போயிட்டாருன்னு உள்ளுக்குள்ளயே நினைச்சுக்கிட்டு இருக்கும் சிலதுங்க. கேக்காம இருக்குற குழந்தைக்கு ஒண்ணும் தெரியலன்னு மட்டும் நினைச்சுடாதீங்க.

இது கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. எங்க தெருமுனைல யாரோ கண்ணீர் அஞ்சலி பேனர் வச்சாங்க. அண்ணன் கல்யாண ஃபோட்டோலேர்ந்து முகத்த மட்டும் வெட்டி பத்தடி உசரத்துக்கு, கீழ வரிசையா வச்சவங்க ஃபோட்டோ. காரியம் முடிஞ்சும் எடுக்கல. ஒரு பக்கம் கயிறு அறுந்து அப்பா முகம் காத்துல மடங்கி மடங்கி அடிக்குது, அத தாண்டித்தான் இந்தப் புள்ள தினமும் ஸ்கூல் வேனுக்குப் போவணும். எடுங்கண்ணா எடுங்கண்ணான்னு கெஞ்சினா "மரியாதைக்கு வச்சதும்மா"ங்கறாங்க. யாருக்கு மரியாதை? கடைசில எங்க மாமாதான் ஏணி போட்டு அவுத்தாரு. பேனர் வைக்கிற தம்பிங்க யாராவது இத படிச்சா, அந்த வீட்ல குழந்தை இருக்கான்னு ஒரு தடவ யோசிங்க, அவ்ளோதான்.

சரி, புத்தகம். 1952ல ஈ. பி. வைட் எழுதின 'சார்லட்'ஸ் வெப்' என்கிட்ட இருந்துச்சு. பன்னிக்குட்டி வில்பர வெட்டிடாம இருக்க சார்லட்னு ஒரு சிலந்தி தன் வலைல எழுத்து எழுதிக் காப்பாத்தும், கடைசில சந்தை நடந்த எடத்துலயே தனியா செத்துடும், முட்டைங்கள மட்டும் வில்பர் தன் கொட்டகைக்கு எடுத்துட்டு வரும். பாப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்ளோ வராது, அதனால படத்தக் காட்டிக்கிட்டே தமிழ்ல சொன்னேன். சிலந்தி செத்துடுச்சுன்னு அப்படியேதான் சொன்னேன், தூங்கிடுச்சு கீங்கிடுச்சுன்னு மழுப்பல. சாகுறப்ப பக்கத்துல யாரும் இல்லன்னு புக்குலயே வரும், அதையும் விடல.

அங்க நிறுத்தச் சொன்னா. கொஞ்ச நேரம் ஃப்ராக் ஓரத்த சுருட்டிக்கிட்டே இருந்துட்டு, "அத்தை, அப்பா கூட யாரு இருந்தாங்க?"ன்னா.

அவ மனசுல இருந்தது இதுதான். அப்பா எங்கன்னு இல்ல, தனியா இருந்தாரான்னு. நான் இருந்தத சொன்னேன், உள்ள டாக்டரும் நர்ஸ் அக்காவும் இருந்தாங்க, கதவுக்கு வெளிய அம்மாவும் ஆயாவும் நானும் இருந்தோம், எங்கள உள்ள விடல, அப்பா உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு, இனிமே வரமாட்டாருன்னு. அன்னைக்குத்தான் முதல் தடவ வாய்விட்டு அழுதா. அண்ணி ஓடிவந்து என்னத் திட்டினாங்க, பரவால்ல. இமைய தூக்கிப் பாக்கறது அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நின்னுச்சு. புத்தகத்தாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன், நாளும் ஆச்சு இல்லையா.

நான் இதுல இவ்ளோ பிடிவாதமா இருக்க வேற காரணமும் இருக்கு. 2004 சுனாமில எங்க மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போனாங்க. லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்தப்ப எங்க கிளாஸ்ல தேவனாம்பட்டினத்துப் பொண்ணு ஒருத்தி அம்மா இல்லாம வந்தா. "அவகிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது"ன்னு மிஸ் சொன்னாங்க. நாங்களும் கேக்கல. வருஷம் முழுக்க அவகிட்ட யாரும் சரியா பேசவே இல்ல.

"நம்மகிட்ட இல்லாத கதையா, எதுக்கு இங்கிலீஷ் புக்கு"ன்னு வருவீங்க. நெய்வேலி புக் ஃபேர்ல கடை கடையா தேடினேங்க, நான் எடுத்துப் பாத்ததெல்லாம் கடைசிப் பக்கத்துல நீதியோடதான் முடியுது. அப்பாவ பறிகொடுத்த புள்ளைக்கு நீதி எதுக்கு? பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் சைட்ல தமிழ்ல நிறைய கதை இலவசமா இருக்கு, அங்க தேடிப் பாருங்க. தாத்தா பாட்டி, நாய்க்குட்டி இதுங்க போறத பத்தின கதைன்னா போதும், அப்பா சாகுற கதையே வேணும்னு இல்ல.

முதல்ல நீங்க தனியா முழுசா படிச்சுடுங்க, நடுவுல உங்களுக்கே தொண்டை அடைக்கும். கதைல வர்ற சிலந்திய சிலந்தியாவே விட்டுடுங்க, "பாத்தியா அப்பா மாதிரியே"ன்னு நீங்க முடிச்சு போடாதீங்க, அவனுக்கு வேணும்னா அவனே போடுவான். "புரிஞ்சுதா"ன்னு பரீட்சை வைக்காதீங்க. வேணாம்னு மூடினா மூடிடுங்க, ஒரே பக்கத்த பத்து தடவ கேட்டாலும் படிங்க.

சாப்பாடு தூக்கம் ரொம்ப நாளா கெட்டிருந்தா, இல்ல அப்பாகிட்ட நானும் போறேன்னு சொன்னா புத்தகத்த நம்பிக்கிட்டு இருக்காதீங்க, ஜிஎச்ல மனநல டாக்டர பாருங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன் இருக்கு, 14416க்கும் ஃபோன் பண்ணலாம், காசு கிடையாது.

பையன் தானே படிப்பானா இல்ல படிச்சுக் காட்டணுமான்னு நீங்க எழுதல. அத சொல்லுங்க, எங்க வீட்ல இருக்கறதுல எது ஒத்துவரும்னு பாத்து சொல்றேன்.