வாசலில் இருப்பது உண்ணிச்செடிதான்

"நர்சரியில் வாங்கிய செடியில் ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸும் பூக்கின்றன. இது காடுகளை அழிக்கும் செடியாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களும் என்னைப் போல சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில்தான் தொட்டி வைத்திருப்பீர்கள். தண்டைத் தடவிப் பாருங்கள். நான்கு பட்டையாக, சிறு முட்களோடு இருக்கும். இலைகள் எதிரெதிராக, சொரசொரப்பாக இருக்கும். கசக்கினால் குப்பென்று ஒரு நெடி. மஞ்சளாக விரிந்த பூ பிறகு ரோஸாக மாறும். இவ்வளவும் பொருந்தினால் அது லாண்டனா, நம் ஊர் உண்ணிச்செடி.

நான் நீலகிரிக் கூடலூர் பக்கத்துக்காரன். அமெரிக்க வெப்ப மண்டலச் செடியான இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று எங்கள் பக்கத்து முதுமலைக் காட்டில் புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. அதன் அடியில் புல் முளைப்பதில்லை. அப்புறம் மான் எதைத் தின்னும்? ஒரு வறட்சியில் வேறு தீவனம் கிடைக்காமல் எங்கள் பசு இதைக் கடித்துவிட்டது. வெயில் பட்ட இடமெல்லாம் தோல் உரிந்தது, கண் மஞ்சளானது. ஈரல் கெட்டுவிட்டது என்றார் கால்நடை மருத்துவர். மாடு பிழைக்கவில்லை.

அதே செடியை என் மனைவி இங்கே காசு கொடுத்து வாங்கி வந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்! பட்டாம்பூச்சி வரும் என்றாள். உண்மைதான், வருகிறது.

உடனே யாராவது "சிங்கப்பூரில் இது காட்டுக்குள் பரவாது, பயமுறுத்தாதீர்கள்" என்று வருவார்கள். சரிதான், இதற்கு நல்ல வெயில் வேண்டும், அடர்ந்த நிழலில் செழிக்காது. புக்கிட் தீமா காட்டு நிழலிலும் முளைப்பது கிளிடீமியா என்ற வேறொரு அமெரிக்கப் புதர். அதற்காக லாண்டனாவை மறந்துவிடலாமா? கருநீலப் பழத்தைச் சின்னானும் மைனாவும் தின்று வெட்டவெளியெல்லாம் விதைத்துவிடும். வாடிய கொத்துகளைக் காய் பிடிக்குமுன் வெட்டிவிடுங்கள், நான் அதைத்தான் செய்கிறேன். பச்சைக் காய் நஞ்சு, குழந்தைகள் இருந்தால் கவனம். ஊருக்குப் போகும்போது பதியன் எதுவும் எடுத்துப் போகாதீர்கள்.

இதில் வேடிக்கை, இந்த லாண்டனாவைப் பற்றி எங்கள் மாடியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிதான் வழியை மறிக்கிறதாம், புகார் போயிருக்கிறது. 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. டேப் வைத்து அளந்தேன், அதற்கு மேலேயே இருக்கிறது. புகார் கொடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கும் செருப்பு அலமாரியை யார் அளப்பது?