நெட்ஸ்கேப்பை வீழ்த்தியது இலவசம் மட்டும்தானா?

"மைக்ரோசாஃப்ட் தன் உலாவியை இலவசமாகக் கொடுத்ததால்தான் நெட்ஸ்கேப் அழிந்தது என்பது உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நெட்ஸ்கேப்பின் வருமானம் வற்றியதில் இலவசத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் பயனர்கள் விலகியதற்கு அது முதன்மைக் காரணம் அன்று என்பது என் உறுதியான கருத்து. மாணவர்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் நெட்ஸ்கேப்பின் உலாவியான நேவிகேட்டர் முன்பே விலையின்றிக் கிடைத்தது. மற்றவர்களிலும் பலர் சோதனைக்கென்று இறக்கிக்கொண்டு பணம் கட்டாமலே பயன்படுத்தி வந்தார்கள்.

உலாவி பயனரின் கணினியைச் சென்றடையும் வழி யார் கையில் இருந்ததோ, அவரே வென்றார். 1996 மார்ச்சில் அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவை நிறுவனம், நெட்ஸ்கேப்புடன் ஓர் ஒப்பந்தத்தை அறிவித்த மறுநாளே, மைக்ரோசாஃப்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தன் இயல்பு உலாவியாக ஏற்பதாகவும் அறிவித்தது. அதற்கு ஈடாக விண்டோஸின் முகப்பிலேயே அந்நிறுவனத்துக்கு இடம் கிடைத்தது. நெட்ஸ்கேப் எவ்வளவு பணம் திரட்டினாலும் தந்திருக்க முடியாத பொருள் அது. அதே ஆண்டில் கணினித் தயாரிப்பு நிறுவனமான காம்பேக் தன் கணினிகளிலிருந்து எக்ஸ்ப்ளோரரின் சின்னத்தை நீக்கியபோது, விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்யப்போவதாக மைக்ரோசாஃப்ட் எழுதியது, காம்பேக் பணிந்தது. மைக்ரோசாஃப்ட்மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் 2001இல் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றமும், இலவசமாகக் கொடுத்ததைக் குற்றமாகக் கொள்ளவில்லை. கணினித் தயாரிப்பாளர்கள்மீதும் இணையச் சேவை நிறுவனங்கள்மீதும் விதித்த கட்டுப்பாடுகளைத்தான் சட்டவிரோதம் என்றது.

நெட்ஸ்கேப்பின் தவற்றையும் மறைக்கக் கூடாது. 1997இல் வந்த அதன் நான்காம் பதிப்பில், சாளரத்தின் அளவை மாற்றினாலே பக்கத்தின் அமைப்பு குலைந்துவிடும். எக்ஸ்ப்ளோரரின் நான்காம் பதிப்பு அந்த வகையில் தெளிவாகவே மேலானது.

1990களின் இறுதியில் தமிழ்ப் பக்கங்களை வடிவமைத்துவந்த நான் இந்தப் போட்டியின் சுமையை நேரடியாக உணர்ந்தேன். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவாத அந்நாளில், வாசகரிடம் எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் தெரிய வேண்டுமானால், பக்கத்தோடு தானே இறங்கும் எழுத்துருவான டைனமிக் ஃபான்டையும் அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டு கோப்பு வடிவங்கள் இருந்தன: நெட்ஸ்கேப் பி.எஃப்.ஆர். கோப்பை மட்டுமே ஏற்றது, எக்ஸ்ப்ளோரர் தானாக இ.ஓ.டி. கோப்பை மட்டுமே ஏற்றது. ஒரே எழுத்துருவை இரண்டு வடிவங்களில் உருவாக்கி, இரண்டு உலாவிகளிலும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, எழுத்துகள் சிதையாமல் வருகின்றனவா என்று பார்ப்பதிலேயே இரவுகள் கழிந்தன. 2000 நவம்பரில் வந்த நெட்ஸ்கேப் 6 பி.எஃப்.ஆரையே கைவிட்டுவிட்டது. அதன்பின் இ.ஓ.டி. கோப்பை மட்டுமே செய்தேன். பழைய நெட்ஸ்கேப்பில் என் பக்கங்களைத் திறந்தவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை.