லிஃப்ட், ஊசி, பல்லி: பயங்களைப் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களின் கேள்வி பதில்

ஈசூன் வாசகி: அக்கா, வீடு 12ஆம் மாடியில். லிஃப்ட் பயத்தால் நாலு வருஷமாகப் படியேறுகிறேன். இப்போது முட்டி வலி. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: ஒரு தாள் எடுங்கள். உங்கள் பயம் சொல்வதை, நடந்ததா இல்லையா என்று சரிபார்க்கக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள். "பயமாக இருக்கிறது" போதாது. "கதவு மூடினால் காற்று தீர்ந்து, இரண்டு நிமிஷத்தில் மயங்கி விழுவேன்" என்பதுபோல் இருக்கவேண்டும். அதன் கீழே லிஃப்ட் தொடர்பான எட்டுப் பத்துக் காரியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்துக்கு மதிப்பெண் போடுங்கள்.

40 மதிப்பெண் உள்ளதில் தொடங்குங்கள். பலருக்கு அது இப்படி இருக்கும்: காலை பத்து மணிக்கு மேல், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், துணைக்கு வந்தவர் கதவு திறக்கும் பட்டனை அழுத்திக்கொண்டிருக்க, உள்ளே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வருவது. அதையே அன்றைக்கே ஐந்து தடவை. அடுத்தது, கதவை மூடி ஒரே ஒரு மாடி. பிறகு மூன்று மாடி. பிறகு துணைக்கு வந்தவர் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) கீழே நிற்க, நீங்கள் தனியாக. கடைசியில் வேறு புளோக்கின் பழைய, சின்ன லிஃப்ட். தினமும் செய்யுங்கள். வாரம் ஒரு முறை என்றால் இடையில் பயம் மறுபடி ஊறிவிடும்.

ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் அந்தத் தாளைப் பாருங்கள். காற்று தீர்ந்ததா? மயங்கினீர்களா? லிஃப்ட் பெட்டி காற்றுப் புகாத டப்பா அல்ல, அதில் காற்றோட்டத்துக்கு வழி உண்டு. ஆனால் இதை நான் சொல்லி நீங்கள் நம்புவதைவிட, உள்ளே நின்று உங்கள் உடம்பே கண்டுகொள்வதுதான் நிலைக்கும்.

இரண்டு இடத்தில் இது கெட்டுப்போகும். ஒன்று, பயம் 90க்கு ஏறும்போது பாய்ந்து வெளியேறுவது. "ஓடியதால் பிழைத்தேன்" என்று மூளை பதிந்துகொள்ளும். மற்றொன்று ஊன்றுகோல்: உள்ளே போனையே பார்ப்பது, கம்பியை இறுகப் பிடிப்பது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் ஏறமாட்டேன் என்பது. அப்படிச் செய்தால் பாட்டில்தான் காப்பாற்றியது என்று ஆகிவிடும்.

உட்லண்ட்ஸ் தம்பி: ரத்தம் எடுக்கும்போதெல்லாம் மயங்கி விழுகிறேன். வீடியோக்களில் உடம்பைத் தளர்த்தச் சொல்கிறார்கள். பலிக்கவில்லை.

பதில்: பலிக்காது தம்பி. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும், அதனால் மயக்கம் வருவது அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் இவற்றுக்கான பயத்தில் மட்டும் அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று சரியும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால்தான் விழுகிறீர்கள். தளர்த்தினால் இன்னும் சரியும்.

சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த இறுக்கும் முறையைப் பழகுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கை, கால், வயிறு மூன்றையும் இறுக்குங்கள். மூச்சை அடக்கக்கூடாது. முகம் சூடாகும்வரை 10 முதல் 15 விநாடி. பிறகு விடுங்கள், ஆனால் துவண்டுபோகும் அளவுக்கு அல்ல. சாதாரணமாக உட்காரும் நிலைக்கு. 20 முதல் 30 விநாடி கழித்து மறுபடியும். இப்படி ஐந்து சுற்று, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஒரு வாரம். அதற்குப் பிறகு ஊசியின் படம், வீடியோ என்று பார்த்துக்கொண்டே இறுக்கிப் பழகுங்கள். குளிர் வியர்வை, கண் மங்கல், காது அடைப்பு, இவைதான் அழுத்தம் சரிவதன் அறிகுறி. அந்த நொடியில் இறுக்கத் தொடங்கவேண்டும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிடுங்கள். தாதியிடம் முன்கூட்டியே சொன்னால் படுக்கவைத்து எடுப்பார். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவேண்டாம்.

தோ பாயோ வாசகர்: லிஃப்ட் பயம். என்ன செய்யலாம்?

பதில்: மேலே முதல் பதில்.

பொங்கோல் அம்மா: ஆறு வயது மகள் பல்லியைப் பார்த்தால் அலறுகிறாள். நான் உடனே தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவேன்.

பதில்: தூக்குவதை நிறுத்துங்கள். அம்மா தூக்கிக்கொண்டு ஓடினால், அது நிஜமாகவே ஆபத்தானது என்றுதான் பிள்ளைக்குப் புரியும். பக்கத்தில் மண்டியிட்டு, சாதாரணக் குரலில் "அது எங்கே போகிறது பார்க்கலாமா?" என்று கேளுங்கள். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் முயலுக்குப் பயந்த ஒரு சின்னப் பையனுக்கு, அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். நீங்களும் படம், வீடியோ, கூரையில் தூரத்தில் ஒட்டியிருக்கும் பல்லி என்று வரிசையாகப் போங்கள். அடுத்த படிக்கு எப்போது போவது என்பதை அவள் சொல்லட்டும். வீட்டில் யாராவது பல்லி விழும் பலன் பேசினால், அவள் காதுபட வேண்டாம்.

செங்காங் வாசகி: அக்கா, நான் லிஃப்ட்டில் "முருகா முருகா" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிடுவேன். அதையும் ஊன்றுகோல் என்பீர்களா?

பதில்: சொல்லாமல் உங்களால் ஏறமுடியுமா? முடியும் என்றால் அது பக்தி, தாராளமாகச் சொல்லுங்கள். முடியாது என்றால், லிஃப்ட் விஷயத்தில் மட்டும் அது ஊன்றுகோல்தான்.

செங்காங் வாசகி: சாமி பெயரைத் தண்ணீர் பாட்டிலோடு சேர்ப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஜூரோங் அண்ணன்: நானும் அந்தத் தங்கச்சி கட்சி. நம்பிக்கை போனால் தைரியம் எங்கிருந்து வரும்?

பதில்: நம்பிக்கையை விடச் சொல்லவில்லை அண்ணே. வேலையைப் பிரித்துவைக்கச் சொல்கிறேன். பரீட்சைக்குப் போகும் பிள்ளை வாசலில் கும்பிட்டுவிட்டுப் போகிறது. உள்ளே போனதும் கேள்வியைப் படித்துத்தான் விடை எழுதுகிறது. அதேபோல் புளோக் கீழே நின்று கும்பிடுங்கள், வீட்டுக்கு வந்து நன்றி சொல்லுங்கள். நடுவில் உள்ள அந்த ஒரு நிமிஷம், கதவு மூடுவதையும் நெஞ்சு படபடப்பதையும் நேராகப் பாருங்கள். படபடப்பு வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை மூளை அங்கேதான் கற்கிறது. வாய் விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தால் கவனம் அங்கே இருக்காது, பாடம் பதியாது.

செங்காங் வாசகி: கீழேயே கும்பிட்டுவிட்டு ஏறுவது முடியும் என்று தோன்றுகிறது.

தெம்பனிஸ் வாசகர்: பயத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு விமானம் ஏறலாமா? ஜோகூரிலிருந்து நண்பர் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

பதில்: அடுத்தவர் வாங்கித் தரும் மயக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மருத்துவர் எழுதித் தந்தாலும் அந்தப் பயணம் கடக்கும், பயம் அப்படியே இருக்கும். இதுவும் ஊன்றுகோல்.

பிடோக் வாசகி: லிஃப்ட் மட்டுமல்ல. கடை, எம்ஆர்டி ரயில், வீடு, எங்கே இருந்தாலும் திடீர் திடீரென்று நெஞ்சு அடைக்கிறது.

பதில்: இதைத் தாளும் மதிப்பெண்ணும் வைத்து நீங்களாகச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். இதயம், தைராய்டு பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மனநலக் கழகத்துக்கு (IMH) அல்லது பொது மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு போனால் கட்டணத்தில் சலுகை உண்டு. இரவில் தாங்கமுடியாமல் போனால் மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222.

ஹவ்காங் தம்பி: எத்தனை நாளில் சரியாகும்?

பதில்: தேர்ந்த சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்தால், ஒரே ஒரு பொருளுக்கான பயத்தை மூன்று மணி நேர ஒரே அமர்விலேயே பெருமளவு தணிக்கமுடியும். தனியாகச் செய்தால் வாரக்கணக்கு. நாளை எண்ணாதீர்கள், படியை எண்ணுங்கள்.

ஈசூன் வாசகி: அக்கா, இன்று காலை கதவைத் திறந்துவைத்து உள்ளே நின்றேன். முதல் தடவை 70, ஐந்தாவது தடவை 35. நாளை ஒரு மாடி போகலாமா?

பதில்: போகலாம். அதற்கு முன்னால் இன்று சாயங்காலம் அதே படியை இன்னும் ஐந்து தடவை. போன் வீட்டில் இருக்கட்டும்.