ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி வரும் மாநில நெடுஞ்சாலை 17-க்கு ஏதாவது வரலாறு உண்டா?

நான் பாலக்கோட்டுக்காரன். எங்கள் ஊரில் யாரும் இதை 17 என்று சொல்ல மாட்டார்கள். தெற்கே போனால் தருமபுரி ரோடு, வடக்கே போனால் ஓசூர் ரோடு, அவ்வளவுதான். அரசு ஏட்டில் மட்டும் மாலூர் - ஓசூர் - அதியமான்கோட்டை சாலை.

ஓசூர், உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை, பாலக்கோடு, புலிகரை, தருமபுரி. அப்புறம் சேலம் பெருஞ்சாலையைத் தொடும் அதியமான்கோட்டை. இதுதான் வழி.

இதன் வரலாறு புரிய வேண்டுமானால் மேடு பள்ளத்தைப் பார்க்க வேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தருமபுரி ஏறக்குறைய அதில் பாதி. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து பாராமகாலுக்கு (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தின் பழைய பெயர்) இறங்கும் வாயில்களில் ஒன்று ராயக்கோட்டை. அதைக் காக்கத்தான் மலைமேல் அந்தக் கோட்டை. 1791-ல், மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலேய மேஜர் கௌடியின் படை திப்புவிடமிருந்து அதைப் பிடித்தது. அடுத்த ஆண்டே ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி வசம் போனது. வரி நிர்வாகத்துக்கு அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாண கவர்னர் ஆனவர், தருமபுரியில்தான் குடியிருந்தார்.

எனக்கு இதைவிட நெருக்கமானது சின்ன ரயிலின் கதை. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்று 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் குறும்பாதை போட்டார்கள். 1913-ல் அது பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது. என் தாத்தா சிறுவனாக அதில் போயிருக்கிறார். ராயக்கோட்டை ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குவதை அவர் வாயால் சத்தம் போட்டுக் காட்டுவார். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1941-ல், அதை மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1960-களின் இறுதியில் சேலம் - பெங்களூர் பாதை வரும்வரை எங்கள் பக்கத்துக்கு ரயிலே இல்லை. கல்யாணச் சாமான், புளி, மாங்காய், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, எல்லாமே இந்த ரோட்டில்தான். பெரியவர்கள் இன்றும் இந்த ரோட்டைப் பற்றி உரிமையோடு பேசுவதற்கு அந்த ஆண்டுகள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது ஓசூர் - தருமபுரி வழி தேசிய நெடுஞ்சாலை 844 ஆகி, நான்கு வழிச் சாலையாகிறது. ராயக்கோட்டைத் தக்காளி ஏற்றும் லாரிகளுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனாலும் நீங்கள் ஒருமுறை ஓசூரில் "ராயக்கோட்டை, பாலக்கோடு வழி" என்று போர்டு வைத்த பஸ்ஸில் ஏறுங்கள். ராயக்கோட்டையில் இறங்கி, வெயிலுக்கு முன்பே கோட்டை மலை ஏறிப் பாருங்கள். நான் சொன்ன மேடும் பள்ளமும் அங்கே கண்ணுக்கே தெரியும்.